முன்னூத்தி நாலாம் நம்பர் வீட்டுச் சாவி

வாம்மா, வா. செருப்பு வெளியவே இருக்கட்டும். யாரும் எடுக்க மாட்டாங்க. எடுக்கறதுக்கு இந்த மாடில ஆள் வேணுமே. தாமோதரன் அனுப்பின பொண்ணு நீதானே? தேன்மொழி. பேரைச் சொன்னார். அவர் வர அரைமணி நேரம் ஆகும்னார். அவர் அரைமணின்னா ஒரு மணின்னு வெச்சுக்கோ. இந்த ஏரியா புரோக்கருங்களுக்கு ரெண்டு வருஷமா வேலையே இல்ல, ஆனா சொன்ன நேரத்துக்கு வர மட்டும் முடியாது.

நீ பார்க்க வந்த வீடு அதோ, எதிர் கதவு. முன்னூத்தி நாலு. இது ரெண்டு, நாங்க இருக்கறது. பக்கத்துல மூணு, அதுவும் எங்களோடதுதான். நாலு எஸ்தர் டீச்சரோடது. சாவி என்கிட்ட இருக்கு. டீச்சர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. அதான் உன்னைப் பத்து மணிக்கே வரச் சொன்னேன். வா, பார்த்துடலாம்.

இதுதான் ஹால். காத்து எப்படி வருது பாரு. பால்கனில நின்னா தூரத்துல ஏரி தெரியும். முன்னெல்லாம் பக்கத்துலயே தெரியும், நடுவுல அந்த அடுக்குமாடி டவருங்க வந்துடுச்சு. ரெண்டு பெட்ரூம். சமையல்கட்டு சின்னதுதான், ஒரு ஆளுக்குத் தாராளம். உன் வீட்டுக்காரர் துபாய்லன்னாரே தாமோதரன்? அப்ப சரியா இருக்கும். சிறுசேரிக்கு உங்க கம்பெனி பஸ் கேட்டுலயே நிக்கும்.

என்ன, ஆள் இருக்கற வீடு மாதிரி இருக்கேன்னு பார்க்கறியா? ஆள் இருக்காங்கதான். டீச்சர் இங்கதான் இருக்காங்க, ஒரு வருஷமா. கட்டில்ல போர்வை மடிச்சிருக்கறதைப் பாரு, ஸ்கேல் வெச்சு மடிச்ச மாதிரி. முப்பத்தாறு வருஷம் கணக்கு டீச்சர்.

அவங்களுக்குத் தெரியுமான்னு கேக்கறே. தெரியும். ஒரு விதத்துல தெரியும். வாடகைக்கு ஆள் பார்த்துக் குடுன்னு என்கிட்ட சொன்னதே அவங்கதான். அது ஆச்சு ஒரு வருஷத்துக்கு மேல. சொன்ன வேலையை நான் செய்யறேன், அவ்வளவுதான்.

உக்காரு. அந்த நாற்காலில உக்காரு, இது கால் ஆடும். தாமோதரன் வர்ற வரைக்கும் சும்மாதானே இருக்கணும். நீ கேட்டுட்டே, அதனால சொல்லிடறேன். இங்க குடிவந்தா யாராவது சொல்லத்தான் போறாங்க. யார் சொல்லுவாங்க, யாருக்கும் தெரியாது. சரி, நானே சொல்றேன்.

நாங்க இந்த பிளாக்குல வீடு வாங்கினப்ப சுத்தி ஒண்ணும் கிடையாது. வெறும் பொட்டல். ஆனா வாடகைக்கு ஆள் வரிசைல நிப்பாங்க. போர்டு மாட்ட வேண்டாம், வாட்ச்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும், சாயந்தரம் மூணு பேர் காலிங் பெல் அடிப்பாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் நான் மூணாம் நம்பரையும் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். எங்க வீட்டுக்காரர் டெலிபோன்ஸ்ல இருந்து ரிட்டையர் ஆனவர், பயந்த சுபாவம். வேணாம் லதா, வேணாம் லதான்னார். நான் கேக்கல. பேங்க்ல கடன் போட்டு வாங்கினோம்.

அப்புறம்தான் சுத்தி டவர் எழும்ப ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, அஞ்சு. ஒவ்வொண்ணுலயும் நீச்சல் குளம், ஜிம்மு. நடுவுல கொரோனா வந்து கம்பெனிப் பசங்க எல்லாம் ஊருக்குப் போனாங்களா, பாதிப் பேர் திரும்பியே வரல. எங்க மூணாம் நம்பர் காலியாச்சு. பதினோரு மாசம் பூட்டிக் கிடந்துது.

முதல் மூணு மாசம் நானே தட்டிக் கழிச்சேன். பேச்சிலர் வேணாம், நாய் வேணாம், ராத்திரி ஷிப்டு வேணாம். அப்ப எனக்கு அவ்வளவு வாய். நாலாவது மாசத்துல இருந்து நாய் வந்தாலும் சரின்னு இருந்தேன், நாயும் வரல. ஒருத்தர் வந்தார். குழாய் எல்லாத்தையும் திறந்து பார்த்தார், ஜன்னலைத் தட்டிப் பார்த்தார், பூஜை அறை எந்தத் திசைன்னு போன்ல காம்பஸ் வெச்சுப் பார்த்தார். என்கிட்ட காபி குடிச்சுட்டுப் போய் எதிர் டவர்ல அட்வான்ஸ் குடுத்தார். எங்க வீட்டுக்காரர் தினம் காலைல பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, “மூணாம் நம்பர் எப்படி இருக்கு?”ன்னு கேப்பார். நோயாளியை விசாரிக்கற மாதிரி. கோவிச்சுக்கிட்டா கூடத் தாங்கிக்கலாம்மா. மனுஷன் விசாரிப்பார்.

அந்த நேரத்துல இந்த மாடில வாடகைக்குக் குடியிருந்தது ஒரே ஒரு குடும்பம், இதோ இந்த வீட்டுல. அஜிதன், சௌம்யான்னு சின்னஞ்சிறுசுங்க. சௌம்யா அப்ப ஆறு மாசம். டீச்சர் இங்க இல்ல அப்ப. கிழக்குத் தாம்பரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல இருந்தாங்க. கல்யாணம் பண்ணிக்கல. வேலை பார்த்தது தனியார் ஸ்கூல்ல, பென்ஷன் கிடையாது. கைல வந்த பணத்தை எல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகைல இல்லத்துல இருந்தாங்க. கணக்கு டீச்சர் இல்லையா, வாழ்க்கையையும் கணக்காப் போட்டு வெச்சிருந்தாங்க.

சௌம்யா சாயந்தரம் சாயந்தரம் என்கிட்ட வந்து உக்காருவா. அம்மா வீடு தூரம், பாவம். ஒரு நாள் சொன்னா, “ஆன்ட்டி, கிச்சன் ரொம்ப சின்னதா இருக்கு, குழந்தை வந்தா எப்படின்னு தெரியல.” நான் சொன்னேன், எங்க மூணாம் நம்பர் கிச்சனைப் பாரு, சும்மா பாரு. பார்த்தா. அவளுக்குப் பிடிச்சுது. வாடகையும் டீச்சரை விடக் கொஞ்சம் குறைச்சே தரேன்னேன். அஜிதன் வந்து பார்த்தான். ஒரு மாசம் நோட்டீஸ் குடுத்துட்டு இந்தக் கதவுல இருந்து அந்தக் கதவுக்கு மாறிட்டாங்க. சாமான் தூக்கறதுக்கு வண்டி கூட வைக்கல, நான் ஒரு பக்கம், எங்க வீட்டுக்காரர் ஒரு பக்கம் ஃபிரிட்ஜைப் பிடிச்சோம்.

இதுல என்ன தப்பு சொல்லு? கடைக்காரன் எதிர்க் கடைக்காரனை விட ரெண்டு ரூபா குறைச்சு விக்கறதில்லையா? சௌம்யாவுக்கு நல்ல கிச்சன் கிடைச்சுது. அவங்களா வந்தாங்க, நான் இழுத்துட்டு வரல.

டீச்சர் எனக்குப் போன் பண்ணினாங்க. “லதா, அந்தப் பிள்ளைங்க ஏன் போறாங்கன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா? நான் ஏதும் கடுசாப் பேசிட்டேனா? குழாய் ஒழுகுதுன்னு சொன்னாங்க, ஆள் அனுப்பச் சுணங்கிட்டு. அதுதானோ?” நாகர்கோவில் பக்கம் அவங்களுக்கு, பேச்சு அப்படி இருக்கும். நான் சொன்னேன், அதெல்லாம் இல்ல டீச்சர், இந்தக் காலத்துப் பிள்ளைங்க ஒரு இடத்துல நிக்காதுங்க. எங்க வீட்டுக்குத்தான் வர்றாங்கன்னு சொன்னேனான்னா, சொன்னேன். அடுத்த மாசம் சொன்னேன். அதுக்கு அவங்க, “நல்லது, உங்க வீடும் ரொம்ப நாளாப் பூட்டிக் கிடந்துச்சே”ன்னாங்க. சொல்லிட்டு சாவியைக் கொரியர்ல அனுப்பி, “முடிஞ்சா யாராவது வந்தா காட்டுங்க லதா, உங்களைத்தான் நம்பி இருக்கேன்”னாங்க.

காட்டினேன்மா. சத்தியமா காட்டினேன். வர்றதுக்கு ஆள்தான் இல்ல. அஞ்சு மாசம் பார்த்தாங்க. இல்லத்துக்குக் கட்ட முடியல. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு சூட்கேஸ், ஒரு பெட்டி நிறைய புஸ்தகம், டாக்ஸில வந்து இறங்கிட்டாங்க. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். மூச்சு வாங்கிட்டு நின்னாங்க. “உங்களுக்கு இனிமே சிரமம் இல்ல லதா, நானே குடி வந்துட்டேன்”னு சிரிச்சாங்க.

இல்லத்துல அவங்களுக்கு ஒரு சிநேகிதி இருந்தாங்க. பங்கஜம்மா. ரெண்டு பேரும் ஒரே ரூம், ஒன்பது வருஷம். பங்கஜம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கண்ணு சரியாத் தெரியாது, படுக்கைதான். டீச்சர் காலைல ஒரு மணி நேரம் அவங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுவாங்களாம், விளம்பரம் உட்பட. வரன் தேவை, வீடு விற்பனைக்குன்னு எல்லாம் படிக்கணுமாம். இங்க வந்தப்புறம் போன்ல படிச்சாங்க. எங்க வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் கேக்கும், அவ்வளவு சத்தமா. அந்தம்மாவுக்குக் காதும் மந்தம். மூணு மாசம் படிச்சாங்க. ஒரு நாள் காலைல சத்தம் கேக்கல. வந்து பார்த்தா பேப்பர் மடியில இருக்கு, டீச்சர் அப்படியே உக்காந்திருக்காங்க. “நேத்து ராத்திரி போயிட்டாங்களாம். பக்கத்துல யாரும் இல்லையாம். காலைல பால் குடுக்க வந்த பொண்ணுதான் பார்த்திருக்கா”ன்னாங்க. ரெண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க. நான் கூட வரேன்னேன். வேணாம் லதா, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னுட்டாங்க.

இரும்மா. எழுந்திருக்காதே. நான் ஒண்ணு விட்டுட்டேன்.

சௌம்யாவா வந்தான்னு சொன்னேன் இல்ல? முழுசா அப்படி இல்ல. கிச்சன் பிடிச்சுது, வாடகை குறைவு, எல்லாம் சரி. ஆனா அவளுக்கு மனசு வரல. “டீச்சர் நல்லவங்க ஆன்ட்டி, வீடு பார்த்து அலைஞ்சப்ப உடனே குடுத்தாங்க, கஷ்டமா இருக்கு”ன்னா. ரெண்டு நாள் அப்படியே இழுத்துது. மூணாவது நாள் நான் முருங்கைக்கீரை உருவிட்டே சொன்னேன். தலையை நிமிர்த்தக் கூட இல்ல. “டீச்சர் இந்த வீட்டை விக்கப் போறாங்கன்னு கேள்வி. வாங்கறவன் உடனே காலி பண்ணச் சொல்லிட்டா, கைக்குழந்தையோட நீ எங்க போவே?” அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை. சௌம்யா மூஞ்சி அப்படியே மாறிப் போச்சு. வயித்துல கையை வெச்சுக்கிட்டா. அன்னிக்கு ராத்திரியே அஜிதன் நோட்டீஸ் அனுப்பிட்டான்.

யாரும் என்கிட்ட அப்படிச் சொல்லல. டீச்சர் விக்கறதா நினைச்சது கூடக் கிடையாது. நானா சொன்னேன். ஏன் சொன்னேன்னு கேட்டா... கீரை உருவிட்டிருந்தேன், வாயில வந்துது. நீ நம்பணும்னு இல்ல.

டீச்சர் இங்க குடிவந்த அன்னிக்கு சௌம்யா என்னை ஒரு மாதிரி பார்த்தா. “விக்கப் போறாங்கன்னீங்களே ஆன்ட்டி?” மனசு மாறிட்டாங்க போலன்னேன். நல்ல வேளை, அவளுக்குக் குழந்தை அழற சத்தத்துல அதுக்கு மேல கேக்க நேரம் இல்ல. பொண்ணு பொறந்திருந்துது. அந்தக் குழந்தை டீச்சர்கிட்ட ஒட்டிக்கிச்சு பாரு, அப்படி ஒட்டிக்கிச்சு. தவழ ஆரம்பிச்சதும் நேரா இந்தக் கதவுக்குத்தான் வரும். டீச்சர் அதுக்கு வாய்ப்பாடு சொல்லித்தான் தூங்க வைப்பாங்க. நான் எங்க கதவைச் சாத்திக்குவேன்.

பொறந்த நாள் வெச்சாங்க, முதல் பொறந்த நாள். எங்க மூணாம் நம்பர்லதான். பலூன் கட்டி, கேக்கு வெட்டி, பத்துப் பேர் இருந்தோம். சௌம்யா டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டு எல்லாருக்கும் சொல்றா, “இவங்க வீட்டுலதான் நாங்க முதல்ல இருந்தோம். இவங்க விக்கப் போறாங்கன்னு புஷ்பலதா ஆன்ட்டி சொன்னதாலதான் மாறினோம். இல்லாட்டி எங்க பாப்பா டீச்சர் வீட்டுலயே பொறந்திருக்கும்.” சிரிச்சுக்கிட்டே சொல்றா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.

என் கைல பேப்பர் தட்டு. அதுல கேக்கு, கொஞ்சம் மிக்சர். டீச்சர் என்னைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் இல்ல, ஒரு மூச்சு விடற நேரம். கணக்குல எங்க தப்புன்னு கண்டுபிடிக்கறவங்க இல்லையா. கண்டுபிடிச்சுட்டாங்க. அப்புறம் சௌம்யா பக்கம் திரும்பி, “ஆமா, கொஞ்ச நாள் அப்படித்தான் யோசிச்சிருந்தேன்”னாங்க. சொல்லிட்டுக் குழந்தை வாயில இருந்த கிரீமைத் துடைச்சாங்க.

எனக்காகப் பொய் சொன்னாங்கம்மா. வாழ்நாள்ல ஒரு பொய் சொல்லியிருப்பாங்களான்னு தெரியாது, அது எனக்காக.

மறுநாள் காலைல வந்தேன். மன்னிப்புக் கேக்கணும்னுதான் வந்தேன். இதே இடத்துல நின்னேன். டீச்சர்னு கூப்பிட்டேன். அவங்க துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க. “லதா, கிளிப்பு ரெண்டு எடுங்க”ன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். “காத்து அடிக்குது, பறந்துரும்”னாங்க. நான் வந்துட்டேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை அதைப் பத்திப் பேசினதில்ல. முன்ன மாதிரியே இருக்காங்க. வாரம் ஒரு நாள் மீன் குழம்பு குடுத்தனுப்பறாங்க. தேங்காய் அரைச்சு, நாகர்கோவில் குழம்பு. எங்க வீட்டுக்காரர் விரலைச் சூப்பிச் சாப்பிடறார். எனக்கு இறங்க மாட்டேங்குது.

போன மாசம் அஜிதனுக்குப் புனேக்கு மாத்தலாயிடுச்சு. காலி பண்ணிட்டாங்க. குழந்தை லிஃப்டுக்குள்ள இருந்து இந்தக் கதவைப் பார்த்துக் கையை நீட்டி அழுதுது. ஆக மூணாம் நம்பர் மறுபடியும் காலி. தாமோதரன் உன்னைப் பத்திச் சொன்னதே அதுக்குத்தான். நான்தான் இல்ல இல்ல, நாலாம் நம்பரைக் காட்டலாம்னேன். எங்க வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கார், இருந்தா என்னைக் கேப்பார், உனக்கு என்ன பைத்தியமான்னு. கேக்கட்டும். முதல்ல டீச்சருக்கு ஒரு ஆள் வரட்டும். வாடகை வந்தா அவங்க பழையபடி இல்லத்துக்குப் போயிடலாம். அங்க தோட்டம் இருக்கு, நர்ஸ் இருக்கா, வேளாவேளைக்குச் சாப்பாடு. எழுபத்தி மூணு வயசுல தனியா இருக்கலாமா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பார்க்கறது? நான் பண்ணின பாவத்துக்கு இதையாவது செய்யணும் இல்ல? மூணு வாரத்துல ஏழு பேருக்குக் காட்டிட்டேன், நீ எட்டாவது. எல்லாம் அவங்க வெளிய போற நேரமாப் பார்த்துத்தான்.

என்ன கேட்டே?

இல்ல... போறேன்னு அவங்க சொல்லல. நான் இன்னும் கேக்கல. ஆள் கிடைச்சதும் சொல்லலாம்னு. சந்தோஷப்படுவாங்கன்னுதான்...

பங்கஜம்மாதான் இல்லையேங்கறே.

ஆமா. இல்ல.

நான் அதை யோசிக்கல பாரு. அந்த ரூம்ல இப்ப வேற யாரோ இருப்பாங்க. இவங்க அங்க போய் யாருக்குப் பேப்பர் படிக்கறது? இங்க இப்ப கீழ் மாடிப் பாட்டுக் கிளாஸுக்குப் போறாங்க. அசோசியேஷன் கணக்கு முழுக்க அவங்கதான் பார்க்கறாங்க, செயலாளரே அவங்ககிட்ட வந்துதான் கையெழுத்து வாங்கறார். சாயந்தரம் ஏரிப் பக்கம் நடக்கறாங்க. போறேன்னு எப்ப சொன்னாங்க? சொல்லவே இல்ல.

தினம் காலைல நான் பால் எடுக்கக் கதவைத் திறப்பேன். அதே நேரத்துக்கு அவங்களும் திறப்பாங்க. “என்ன லதா, தூங்கினீங்களா?”ன்னு கேப்பாங்க. ஏழு அடி தூரம்மா, என் கதவுக்கும் அவங்க கதவுக்கும். ஒரு வருஷமா நான் தினம் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கு. அவங்களுக்காகத்தான் அலையறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். உன்கிட்ட வாய்விட்டுச் சொல்றப்பதான் எனக்கே கேக்குது. மறுபடியும் அவங்களை இருக்கற இடத்துல இருந்து கிளப்பத்தான் பார்த்திருக்கேன். போன தடவை மூணாம் நம்பர் வீட்டுக்காக, இந்தத் தடவை எனக்காக.

எழுந்திரு. எழுந்திரும்மா, பூட்டிடலாம். இந்த வீட்டை நீ பார்க்கல. தாமோதரன்கிட்ட நான் பேசிக்கறேன். உன் பையை எடுத்துக்கோ. நாற்காலியை இருந்த இடத்துலயே போடு, அவங்க கண்டுபிடிச்சுடுவாங்க.

ஐயோ, லிஃப்டு.

டீச்சர்! என்ன இவ்வளவு சீக்கிரம்? சொட்டு மருந்து போட்டாங்களா? கண்ணைக் கூசுதா? இருங்க, கையைப் பிடிச்சுக்குங்க. படி இல்ல, வாங்க. இவங்களா? இவங்க தேன்மொழி. வீடு பார்க்க வந்திருக்காங்க. எங்க... எங்க மூணாம் நம்பர் வீட்டை. உங்க வீட்டுல ஜன்னல் சாத்தியிருக்கான்னு பார்க்க உள்ள போனேன். இவங்களும் கூட வந்தாங்க.

சரி டீச்சர். நான் அப்புறம் வரேன். ஒண்ணு பேசணும் உங்ககிட்ட. இல்ல, துணி காயப் போடறப்ப இல்ல. சும்மா உக்காந்து பேசணும். சாயந்தரம் வரேன்.

கேட்டியா, உன் தலைல கை வெச்சு என்ன சொன்னாங்கன்னு? “எடுத்துக்கோ மக்களே, நல்ல வீடு. பக்கத்துலயே லதா இருக்காங்க, ஒரு குறையும் வராது.” கண்ணு சரியாத் தெரியாத நிலைமைல கூட என்னைத்தான் சிபாரிசு பண்றாங்க.

வா. என் வீட்டைக் காட்டறேன். உனக்குப் பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம். கிச்சன் நல்லா இருக்கும், அது நிஜம். ஆனா முதல்லயே சொல்லிடறேன், உள் பெட்ரூம் சுவர் மழைக்கு ஓதம் அடிக்கும். ஐப்பசி கார்த்திகைல பீரோவைச் சுவத்துல இருந்து நகர்த்தி வைக்கணும், இல்லாட்டி துணியெல்லாம் பூஞ்சை பிடிச்சுடும். சௌம்யாகிட்ட நான் சொல்லல. அவ கைக்குழந்தையோட அந்த ரூம்லதான் படுத்திருந்தா.

இதோ, லைட்டைப் போடறேன். அந்த மூலைல நானே சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிருக்கேன். கையை வெச்சுப் பாரு.